சீட்டுக்கட்டுப் போட்டிக்குக் கம்ப்யூட்டரில் பயிற்சி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் ஒரு கேள்வி சீக்கிரமே எழும். "பிள்ளை படிக்கிறானா, விளையாடுகிறானா?" என்பதுதான் அது. பேரையூரில் என் சித்தப்பா வீட்டில் இந்தக் கேள்வி கொஞ்சம் சூடாகவே எழுந்தது. பதினோராம் வகுப்பு படிக்கும் அவர் மகன் திரையில் விளையாடிக் கொண்டிருந்தது சீட்டு.

"ஏப்பா, நீ கம்ப்யூட்டர் இன்ஜினியர்தான? சீட்டு விளையாடவா கடனை வாங்கி இவனுக்கு கம்ப்யூட்டர் எடுத்துக் குடுத்தேன்? நீயே கேளு" என்றார் சித்தப்பா. மளிகைக் கடை வைத்திருப்பவர். உள்ளே வெளியே, மங்காத்தா என்று காசை விட்ட குடும்பங்களைப் பார்த்தவர். அவர் கோபம் எனக்குப் புரிந்தது.

"அண்ணே, இது காசு வச்சு ஆடுறது இல்லண்ணே. ஆசிய விளையாட்டுலயே வச்சிருக்காங்க. நான் ஒரு போட்டிக்குப் பேர் குடுத்திருக்கேன். அப்பாகிட்ட எடுத்துச் சொல்லுங்கண்ணே" என்றான் தம்பி.

இருவர் பேச்சிலும் உண்மை இருந்தது. தம்பி சொன்ன விளையாட்டு சூதாட்டம் அல்ல. ஆனால் அவன் "பயிற்சி" என்று சொன்னது பயிற்சியும் அல்ல. தினமும் 2 மணி நேரம் ஆடுவது பயிற்சி ஆகிவிடாது. இந்த விளையாட்டு என்ன, போட்டிக்கு எப்படித் தயாராவது, அதற்கு உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் எப்படி உதவும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். உங்கள் வீட்டில் யாரும் சீட்டு விளையாடாவிட்டாலும் பரவாயில்லை. இதில் வரும் கணக்குப் பதிவு முறை செஸ், கேரம், தேர்வுப் பயிற்சி என எதற்கும் பொருந்தும்.

இது எந்தச் சீட்டு?

ரம்மியில் 52 சீட்டுகள் கொண்ட கட்டு எல்லோருக்கும் பொது. கையில் என்ன வரும் என்பது கலைப்பதைப் பொறுத்தது. நாம் பார்க்கப்போகும் விளையாட்டுகளில் ஒவ்வொருவரும் தம் சொந்தக் கட்டைக் கொண்டு வருவார்கள். இருக்கும் பல நூறு, பல ஆயிரம் சீட்டுகளில் எவற்றைச் சேர்ப்பது என்று வீட்டிலேயே யோசித்து முடிவு செய்திருப்பார்கள். இந்தக் கட்டை டெக் என்பார்கள். சீட்டுகளைக் கடையில் வாங்கி, நண்பர்களோடு மாற்றிக் கொள்வதால் டிரேடிங் கார்டு கேம் என்று பெயர்.

என் வயதுக்காரர்கள் பள்ளியில் மல்யுத்த வீரர் படம் போட்ட டிரம்ப் கார்டு ஆடியிருப்பார்கள். அதில் மேலே வந்த சீட்டில் உள்ள எண்ணை ஒப்பிட்டால் ஆட்டம் முடிந்தது. இதில் அப்படி இல்லை. கையில் பல சீட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி விதி உண்டு. எதை எப்போது இறக்குவது என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது.

இந்த வகையைத் தொடங்கி வைத்தது 1993-ல் அமெரிக்காவில் வெளிவந்த மேஜிக்: தி கேதரிங். இதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதம் படித்து முனைவர் பட்டம் பெற்றவர். 1996-ல் ஜப்பானில் போகிமான் சீட்டு விளையாட்டு வந்தது. 1999-ல் யூ-கி-ஓ வந்தது. 2014-ல் பிளிசார்ட் நிறுவனம் ஹார்த்ஸ்டோன் என்ற விளையாட்டை வெளியிட்டது. இதற்குக் காகிதச் சீட்டே கிடையாது. முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரிலும் போனிலும் ஆடப்படுவது. தம்பி ஆடுவது இதைத்தான்.

ஹார்த்ஸ்டோன் விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழக்கமான கட்டில் 30 சீட்டுகள். ஒரே சீட்டில் அதிகபட்சம் 2 பிரதிகள் வைக்கலாம். லெஜண்டரி எனும் சிறப்புச் சீட்டில் 1 பிரதிதான். சீட்டை இறக்க மானா என்ற சக்தி வேண்டும். முதல் சுற்றில் 1 மானா, இரண்டாம் சுற்றில் 2 என்று 10 வரை ஏறும். முதலில் ஆடுபவருக்கு 3 சீட்டுகள், இரண்டாவதாக ஆடுபவருக்கு 4 சீட்டுகளும் ஒரு நாணயமும் கிடைக்கும். நாணயத்தை ஒருமுறை பயன்படுத்தினால் அந்தச் சுற்றுக்கு மட்டும் 1 மானா கூடும். பிடிக்காத சீட்டுகளை ஆட்டம் தொடங்கும் முன் ஒருமுறை மாற்றிக் கொள்ளலாம். எதிரியின் 30 உயிர்ப்புள்ளிகளை முதலில் காலி செய்பவர் வெற்றி பெறுவார்.

பூஜ் நகரிலிருந்து ஜகார்த்தா வரை

"ஆசிய விளையாட்டுல இருந்துச்சு" என்று தம்பி சொன்னது உண்மை. 2018-ல் இந்தோனேசியாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இ-ஸ்போர்ட்ஸ் முதன்முறையாகக் காட்சிப் போட்டியாகச் சேர்க்கப்பட்டது. மொத்தம் 6 விளையாட்டுகள். அவற்றில் ஹார்த்ஸ்டோனும் ஒன்று. இதில் ஹாங்காங் வீரர் தங்கமும், இந்தோனேசிய வீரர் வெள்ளியும் வென்றார்கள். வெண்கலம் வென்றவர் நம் நாட்டின் தீர்த் மேத்தா. குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் உள்ள பூஜ் நகரைச் சேர்ந்தவர். காட்சிப் போட்டி என்பதால் இது நாட்டின் பதக்கப் பட்டியலில் கணக்கில் சேரவில்லை. ஆனாலும் பெருநகரம் ஒன்றில் பிறக்காதவர் சீட்டுக்கட்டை வைத்து ஆசிய மேடை ஏற முடிந்தது என்பது எங்கள் பேரையூர் மாதிரி ஊரில் உள்ள பிள்ளைகளுக்குப் பெரிய செய்திதான்.

அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். சீனாவின் ஹாங்ஜோ ஆசியப் போட்டியில் இ-ஸ்போர்ட்ஸ் முழுப் பதக்கப் போட்டியானது. ஹார்த்ஸ்டோனும் பட்டியலில் இருந்தது. இந்தியாவில் தேர்வுப் போட்டிகள்கூட முடிந்தன. ஆனால் பிளிசார்ட் நிறுவனத்துக்கும் அதன் சீனக் கூட்டாளிக்கும் இருந்த ஒப்பந்தம் 2023 ஜனவரியில் முடிந்து, அந்த விளையாட்டே சீனாவில் நிறுத்தப்பட்டது. ஆசியப் போட்டியிலிருந்தும் அது நீக்கப்பட்டது. 2024-ல் சீனாவில் அது திரும்ப வந்தாலும், தகுதி பெற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு போனது போனதுதான்.

கிரிக்கெட், கபடிக்கு யாரும் சொந்தக்காரர் கிடையாது. கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு ஒரு கம்பெனி சொந்தக்காரராக இருக்கிறது. எனவே இதையே வாழ்க்கையாக நம்பி இறங்காதீர்கள். பயிற்சியில் கற்றுக் கொள்ளும் பழக்கங்களை மட்டும் எந்தக் கம்பெனியும் நிறுத்த முடியாது.

காசு விஷயம்

பெற்றோர்கள் கட்டாயம் தெரிந்து கொள்ள வேண்டியது இது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் விளையாட்டுகளை மூன்றாகப் பிரிக்கிறது. இ-ஸ்போர்ட்ஸ் ஒன்று, பொழுதுபோக்கு விளையாட்டு ஒன்று, பணம் கட்டிப் பணம் எடுக்கும் விளையாட்டு ஒன்று. மூன்றாவதைத் தடை செய்கிறது. முதல் இரண்டையும் ஏற்கிறது. போட்டியில் சேர்வதற்கான நுழைவுக் கட்டணமும், திறமைக்குத் தரும் பரிசுத் தொகையும் இ-ஸ்போர்ட்ஸில் இருக்கலாம். ஆட்டத்தின் முடிவின் மேல் பணம் வைப்பது இருக்கக் கூடாது. இ-ஸ்போர்ட்ஸை மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டு வந்தது 2022 டிசம்பரில்.

ஆனால் சூதாட்டம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த விளையாட்டுகளில் சீட்டுகளைப் பொட்டலமாக விற்பார்கள். பேக் என்று பெயர். உள்ளே என்ன சீட்டு இருக்கும் என்று பிரித்த பிறகுதான் தெரியும். "இன்னும் ஒரு பேக், இன்னும் ஒரு பேக்" என்று கை அரிக்கும். இதே மாதிரி உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் பெட்டிகள் சில விளையாட்டுகளில் சூதாட்டச் சட்டத்துக்கு எதிரானவை என்று பெல்ஜியம் நாடு 2018-லேயே அறிவித்தது.

எனவே மூன்று விஷயங்களைச் செய்யுங்கள். ஒன்று, விளையாட்டுக் கணக்கில் உங்கள் வங்கி அட்டையைப் பதிவு செய்து வைக்காதீர்கள். இரண்டு, ஓடிபி வரும் போன் பெரியவர்களிடமே இருக்கட்டும். மூன்று, பேக் பிரித்து அதிர்ஷ்டத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஹார்த்ஸ்டோனில் தேவையில்லாத சீட்டுகளைக் கலைத்து, அதில் வரும் தூளைக் கொண்டு தேவையான சீட்டைச் செய்து கொள்ளும் வசதி உண்டு. எந்தக் கட்டு வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு மட்டும் தூளைச் செலவிட்டால் போதும்.

இலவச சீட்டு தருவதாகச் சொல்லும் புரோகிராம்களைத் தயவு செய்து டவுண்லோட் செய்யாதீர்கள். அதில் சீட்டு வராது, வைரஸ்தான் வரும். பாஸ்வேர்டும் பறிபோகும்.

பயிற்சியின் முதல் பாடம்: எழுதி வைப்பது

தம்பி முதலில் கலந்து கொண்ட ஆன்லைன் போட்டியில் இரண்டு சுற்றுகளிலேயே வெளியேறினான். "சீட்டே வரலண்ணே. நான் எப்பவும் பாதிக்கு மேல ஜெயிப்பேன். அன்னிக்கு நேரம் சரியில்ல" என்றான். "பாதிக்கு மேல என்றால் எத்தனை?" என்று கேட்டேன். பதில் இல்லை.

நம் மனது நல்ல கணக்குப்பிள்ளை அல்ல. ஜெயித்த ஆட்டம் நினைவில் நிற்கும். தோற்ற ஆட்டத்துக்குக் காரணம் நிற்கும். உண்மைக் கணக்கு வேண்டுமானால் எழுதித்தான் ஆக வேண்டும். இதற்கு விலை கொடுத்து எந்தப் புரோகிராமும் வாங்க வேண்டாம். லிப்ரே ஆபிஸ் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள கால்க் போதும். எக்ஸெல் வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம். செய்ய வேண்டியவை இவை:

1. கால்க் புரோகிராமைத் திறந்து முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளைத் தனித்தனிக் கட்டங்களில் டைப் செய்யுங்கள்: தேதி, நேரம், என் கட்டு, எதிரி கட்டு, முதலா இரண்டாவதா, வெற்றி, காரணம்.

2. முதலில் ஆடியிருந்தால் 1, இரண்டாவதாக ஆடியிருந்தால் 2 என்று போடுங்கள். வெற்றிக்கு 1, தோல்விக்கு 0. எழுத்துக்குப் பதில் எண் போடுவது ஏன் என்று 5-வது படியில் தெரியும்.

3. காரணம் என்ற கட்டத்தில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். "சீட்டு வரவில்லை" என்று எழுதக் கூடாது. "4-வது சுற்றில் நான் என்ன செய்திருக்கலாம்?" என்பதற்குப் பதிலாக இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்த உடனே எழுதுங்கள். அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டால் மறந்துவிடும்.

4. தலைப்பு வரிசையில் ஒரு கட்டத்தைக் க்ளிக் செய்து, டேட்டா மெனுவில் ஆட்டோஃபில்டர் என்பதைத் தேர்வு செய்யுங்கள். எக்ஸெலில் இதற்கு ஃபில்டர் என்று பெயர். ஒவ்வொரு தலைப்பின் ஓரத்திலும் சின்ன அம்புக்குறி தோன்றும். அதைக் க்ளிக் செய்து, இரண்டாவதாக ஆடிய ஆட்டங்கள் மட்டும் தெரியும்படி செய்யலாம்.

5. இப்போது வெற்றி என்ற நெடுவரிசையில் உள்ள எண்களை மவுஸால் இழுத்துத் தேர்வு செய்யுங்கள். திரையின் அடியில் உள்ள ஸ்டேட்டஸ் பாரில் ரைட் க்ளிக் செய்து ஆவரேஜ் என்பதைத் தேர்ந்தெடுத்தால், சராசரி அங்கேயே தெரியும். 1-ம் 0-வும் போட்டிருப்பதால் அந்தச் சராசரிதான் உங்கள் வெற்றி விகிதம். 0.6 என்று வந்தால் 60 சதவீதம் என்று பொருள். ஃபார்முலா எதுவும் எழுதத் தேவையில்லை.

தம்பியை 60 ஆட்டங்கள் இப்படி எழுத வைத்தேன். மொத்த வெற்றி 29. "பாதிக்கு மேல" என்றது பாதிக்குக் கீழே நின்றது. முதலில் ஆடிய 30 ஆட்டங்களில் 19 வெற்றி. இரண்டாவதாக ஆடிய 30-ல் வெறும் 10. நேரத்தை வைத்து ஃபில்டர் செய்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இரவு 10 மணிக்கு மேல் ஆடியவை 18. அவற்றில் வென்றவை 5. அவனே திரையைப் பார்த்து அமைதியாகிவிட்டான்.

20 ஆட்டம் போதாது

இங்கே ஓர் எச்சரிக்கை. சின்ன எண்ணிக்கையை வைத்துப் பெரிய முடிவு எடுக்கக் கூடாது. புதுக்கட்டு ஒன்றை 20 ஆட்டங்களில் சோதித்து 12 வெற்றி வந்தால் "60 சதவீதம், அருமையான கட்டு" என்று துள்ளத் தோன்றும். ஒரு சாதாரண நாணயத்தை 20 முறை சுண்டிப் பாருங்கள். 12 அல்லது அதற்கு மேல் தலை விழ நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நாணயத்துக்கு எந்தத் திறமையும் இல்லை!

அதே 60 சதவீதம் 100 ஆட்டங்களில் வந்தால் நம்பிக்கை கூடும். அப்போதுகூட உண்மையான விகிதம் ஏறத்தாழ 50-க்கும் 70-க்கும் இடையில் இருக்கலாம் என்பதுதான் புள்ளியியல் சொல்வது. ஆகவே இரண்டு நாள் தோற்றவுடன் கட்டை மாற்றாதீர்கள். நான் பார்த்த அளவில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். கட்டை மாற்றிக் கொண்டே இருந்தால் எதையும் கற்க முடியாது. ஒரு கட்டை எடுத்தால் ஒரு மாதமாவது அதோடு இருங்கள்.

தம்பியின் 18-க்கு 5 என்ற கணக்கும் முடிந்த முடிவு அல்ல. ஆனால் சோதித்துப் பார்க்க அது போதும். தூக்கத்தை விட்டு ஆடுவதில் லாபம் இருப்பதாக அந்தக் கணக்கு காட்டவில்லையே!

சீட்டு வருமா? கணக்குப் போடுங்கள்

"சீட்டே வரல" என்பதையும் கணக்கில் கொண்டு வரலாம். பிளஸ் ஒன் கணக்கில் வரும் நிகழ்தகவுதான் இது. கால்க்கில் ஏதாவது ஒரு கட்டத்தில் சமக்குறி போட்டு இதை டைப் செய்து என்டர் தட்டுங்கள்:

=1-(27*26)/(30*29)

விடை 0.193 என்று வரும். 30 சீட்டுக் கட்டில் 2 பிரதிகள் உள்ள ஒரு சீட்டு, முதல் 3 சீட்டுகளில் வந்திருக்க 19.3 சதவீதம் வாய்ப்பு என்று பொருள். அடைப்புக்குறிக்குள் இருப்பது அந்தச் சீட்டு வராமல் போகும் வாய்ப்பு. அதை 1-லிருந்து கழிக்கிறோம். அவ்வளவுதான்.

அந்த முக்கியச் சீட்டைத் தேடி மூன்றையும் மாற்றினால்? மாற்றிய சீட்டே உடனே திரும்ப வராது. மீதமுள்ள 27-லிருந்து புதிதாக 3 வரும். எனவே கணக்கு இப்படி மாறும்:

=1-(24*23)/(30*29)

விடை 0.366. அதாவது 36.6 சதவீதம். வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது. 5-வது சுற்று வரை இதே கணக்கை நீட்டினால், மாற்றாமல் ஆடினால் 46.9 சதவீதம், மாற்றி ஆடினால் 58.2 சதவீதம். தம்பி "இருக்கிறது இருக்கட்டும்" என்று பாதி ஆட்டங்களில் சீட்டை மாற்றாமலே விட்டிருந்தான். கெட்ட நேரம் என்று அவன் நினைத்ததில் ஒரு பகுதி அவன் க்ளிக் செய்யாத பட்டன்.

ஒரே பிரதி உள்ள லெஜண்டரி சீட்டு, மாற்றாமல் ஆடினால், 5-வது சுற்றுக்குள் கைக்கு வர 30-க்கு 8, அதாவது 26.7 சதவீதம்தான். நான்கு ஆட்டங்களில் மூன்றில் அது வராது. அதை நம்பிக் கட்டை அமைக்கக் கூடாது என்பது இதிலிருந்தே தெரிகிறது.

காகிதச் சீட்டு ஆடுபவர்களுக்கும் இதே வழிதான். மேஜிக், போகிமான் இரண்டிலும் வழக்கமாக 60 சீட்டு, தொடக்கத்தில் கையில் 7. ஒரு சீட்டில் 4 பிரதிகள் வைத்தால் அது முதல் கையிலேயே வர ஏறத்தாழ 40 சதவீதம். 3 பிரதிகளுக்கு 31.5, 2 பிரதிகளுக்கு 22.1, 1 பிரதிக்கு 11.7 சதவீதம். போகிமானில் இன்னொரு கணக்கும் முக்கியம். முதல் கையில் அடிப்படைப் போகிமான் ஒன்றுகூட இல்லாவிட்டால் கையைக் காட்டிவிட்டு மறுபடி கலைக்க வேண்டும். எதிரிக்குக் கூடுதல் சீட்டு கிடைக்கும். கட்டில் 8 அடிப்படைப் போகிமான் இருந்தால் இது நேர 34.6 சதவீதம், 12 இருந்தால் 19.1 சதவீதம். கட்டை அமைக்கும்போதே இந்த எண்களைப் பார்த்துக் கொள்ளலாம்.

ஊரில் ஆடுவதற்கு ஆள் இல்லையா?

பேரையூரில் இந்த விளையாட்டு தெரிந்தவர் தம்பி ஒருவன்தான். ஹார்த்ஸ்டோனுக்கு இது பிரச்சினை இல்லை. இன்டர்நெட்டில் எதிரி கிடைப்பார். காகிதச் சீட்டுக்கு வேறு வழி இருக்கிறது.

ரைட்டர் அல்லது வேர்டு புரோகிராமில் ஓர் ஏ4 பக்கத்தில் 3 நெடுவரிசை, 3 வரிசை கொண்ட டேபிள் போடுங்கள். பக்கத்தின் ஓர இடைவெளியைக் குறைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் 6.3 செ.மீ. அகலம், 8.8 செ.மீ. உயரம் என்று வையுங்கள். மேஜிக், போகிமான் சீட்டுகளின் அளவு இதுதான். ஒரு பக்கத்தில் 9 சீட்டு. 60 சீட்டுக்கு 7 பக்கம். படம் தேவையில்லை, பெயரும் விதியும் போதும். வெட்டியெடுத்து வீணான சீட்டுக்கட்டின் மேல் வைத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டால், பெரிய செலவில்லாமல் எதிரியின் கட்டையும் செய்து வைத்துக் கொள்ளலாம். இரண்டு பக்கமும் நீங்களே ஆடிப் பாருங்கள். எதிரியின் கட்டை நீங்களே ஆடும்போதுதான் அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று தெரியும். இவை வீட்டுப் பயிற்சிக்கு மட்டுமே. அதிகாரப்பூர்வப் போட்டியில் அனுமதி இல்லை.

தூரத்தில் உள்ள நண்பரோடு வெப்கேம் வழியாகவும் ஆடலாம். கேமராவை மேசையைப் பார்த்தபடி வைத்தால் போதும். 2020-ல் கொரோனா காலத்தில் யூ-கி-ஓ விளையாட்டை நடத்தும் கொனாமி நிறுவனமே ரிமோட் டூயல் என்ற பெயரில் இப்படிப் போட்டிகளை நடத்தியது.

கம்ப்யூட்டரில் ஆடுபவர்கள் தங்கள் ஆட்டத்தைப் பதிவு செய்து பார்க்கலாம். விண்டோஸ் 10, 11-ல் இதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் கீ, ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பதிவு தொடங்கும். மறுபடி அழுத்தினால் நிற்கும். வீடியோஸ் போல்டரில் கேப்சர்ஸ் என்ற போல்டருக்குள் பைல் இருக்கும். எல்லா ஆட்டத்தையும் பார்க்க நேரம் இருக்காது. தோற்றவற்றில் வாரம் இரண்டு பார்த்தால் போதும். ஒவ்வொரு சுற்றிலும் நிறுத்தி, "இங்கே வேறு என்ன செய்திருக்கலாம்?" என்று கேளுங்கள். பார்த்த பின் பைலை அழித்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் இடத்தை அடைத்துக் கொள்ளும்.

இப்படிப் பார்த்ததில்தான் தம்பியின் இரண்டாம் ஆள் தோல்விக்குக் காரணம் கிடைத்தது. நாணயம் கிடைத்த உடனே முதல் சுற்றிலேயே அதைச் செலவழித்துவிடுவான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியவில்லை. எந்தச் சுற்றில் 1 மானா கூடினால் பெரிய சீட்டு இறங்கும் என்று பார்த்து அதுவரை வைத்திருக்கப் பழக்கினோம்.

போட்டி விதியைப் படியுங்கள்

வீட்டில் ஆடுவதும் போட்டியும் ஒன்றல்ல. ஹார்த்ஸ்டோன் பெரிய போட்டிகளில் கான்க்வெஸ்ட் என்ற முறை பல ஆண்டுகள் பயன்பட்டது. ஆளுக்கு 4 கட்டு கொண்டு வர வேண்டும். அதில் ஒன்றை எதிரி தடை செய்வார். மீதி மூன்று கட்டுகளாலும் ஒவ்வொரு வெற்றி பெற வேண்டும். அதாவது உங்கள் நல்ல கட்டு எத்தனை பலமாக இருந்தாலும், கடைசியில் பலவீனமான கட்டால் ஜெயித்தே ஆக வேண்டும். இந்த முறைக்குத் தயாராகிறவர் தமக்குப் பிடித்த கட்டை விட்டுவிட்டு, தோற்கும் கட்டோடுதான் அதிக நேரம் பழக வேண்டும்.

பல போட்டிகள் செஸ்ஸில் உள்ளதுபோல் சுவிஸ் முறையில் நடக்கும். தோற்றாலும் வெளியேற்ற மாட்டார்கள். ஒரே புள்ளி பெற்றவர்களை மோத விடுவார்கள். 32 பேருக்கு 5 சுற்றுகள் ஆகும். முதல் சுற்றில் தோற்றவுடன் மனம் தளர்ந்துவிட வேண்டியதில்லை. ஆனால் 5 சுற்றுக்கு உட்காரும் தெம்பு வேண்டும். வாரம் ஒரு நாளாவது இடைவேளையோடு 5 ஆட்டம் ஆடிப் பழகுங்கள். வயது வரம்பு, பெற்றோர் ஒப்புதல், உதவிப் புரோகிராம்களுக்கு அனுமதி உண்டா என்பதையெல்லாம் பெயர் கொடுக்கும் முன்பே படித்துவிடுங்கள்.

நம் ஊருக்கென்று சில குறிப்புகள். முதல் நாள் இரவே விளையாட்டையும் விண்டோஸையும் அப்டேட் செய்துவிடுங்கள். போட்டி நேரத்தில் அப்டேட் தொடங்கினால் அழ வேண்டியதுதான். கரண்ட் போனால் லேப்டாப்பின் பேட்டரி தாங்கும், இன்டர்நெட் தரும் ரூட்டர் தாங்காது. அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் போடுங்கள், அல்லது போனின் ஹாட்ஸ்பாட்டை முன்பே ஒருமுறை இணைத்துச் சோதித்து வையுங்கள்.

சித்தப்பா பார்த்த பேரேடு

இதெல்லாம் ஒரு மாதம் ஓடிய பிறகு சித்தப்பாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான் தம்பி. அவருக்கு விளையாட்டு புரியவில்லை. ஆனால் தேதி போட்டு, வரவு செலவு மாதிரி வரிசையாக எழுதியிருந்தது புரிந்தது. கண்ணாடியைச் சரி செய்து கொண்டு கடைசி நெடுவரிசையைப் படித்தார். "அவசரப்பட்டேன்", "எதிரி சீட்டை எண்ணவில்லை", "தூக்கக் கலக்கம்", மறுபடி "அவசரப்பட்டேன்".

"இது நம்ம கடைப் பேரேடு மாதிரில்ல இருக்கு. நட்டத்தை எழுதி வைக்கிறவன் கெட்டுப் போக மாட்டான்" என்றவர், உடனே நிபந்தனையும் போட்டார். "ராத்திரி ஒம்பதரைக்கு மேல பெட்டி அணைஞ்சிருக்கணும். பரீட்சை மாசத்துல தொடவே கூடாது."

இரண்டாவது போட்டியில் தம்பி 5 சுற்றில் 3 வென்றான். பரிசு எதுவும் இல்லை. தோற்ற இரண்டு ஆட்டத்துக்கும் காரணத்தை அன்றைக்கே எழுதிவிட்டான். சித்தப்பா சொன்ன நேரத்துக்குப் பெட்டி அணைகிறதா என்பதற்கும் அந்த பைலே சாட்சி. நேரம் என்ற நெடுவரிசை இருக்கிறதே!

உங்கள் வீட்டிலும் விளையாட்டைப் பற்றிச் சண்டை இருந்தால், முதலில் கால்க்கைத் திறந்து ஏழு தலைப்புகளை டைப் செய்யுங்கள். பத்து நிமிட வேலைதான். ஒரு மாதம் கழித்துப் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து அதைப் பாருங்கள்.